மூக்கால் பேசும் சொற்கள்

கேள்வி: பொருள் தெரியாத ஆங்கிலச் சொல்லும் ஒலியாலேயே ஓர் உணர்வைத் தருவதாகத் தோன்றுவது ஏன்?

பதில்: ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவில்லை, இருப்பது சமூக வழக்கே என்பது 1916-இல் வெளிவந்த, மொழியியலாளர் சசூரின் நூல் வலியுறுத்திய கொள்கையாயினும், ஆங்கிலத்தில் ‘ஸ்ன்’ எனத் தொடங்கும் சொற்கள் பல அக்கொள்கையைக் கண்டு மூக்கைச் சுளிக்கின்றன. குறட்டையைக் குறிக்கும் ஸ்னோர், தும்மலைக் குறிக்கும் ஸ்னீஸ், விலங்கின் நீண்ட மூக்கைக் குறிக்கும் ஸ்னவுட், ஏளன நகையைக் குறிக்கும் ஸ்னியர் ஆகிய யாவும் மூக்கையே சுற்றி வருகின்றன. முன்னொட்டைப் போலத் தனிப் பொருள் பெறாமலே, பல சொற்களில் மீண்டும் மீண்டும் வந்து ஒத்த உணர்வை எழுப்பும் இத்தகைய ஒலிக்கூட்டத்திற்கு மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930-இல் ‘ஃபோனஸ்தீம்’ எனப் பெயரிட்டார். ‘கிள்’ எனத் தொடங்கும் கிளிட்டர், கிளீம், கிளோ ஆகியவை ஒளியைச் சுட்டுவதும் இவ்வகையே. ஒரு சொல்லைக் கேட்கும் காது அதன் உறவுச் சொற்களையும் சேர்த்தே நினைவுகூர்வதால் இவ்வுணர்வு பிறக்கிறது. எனினும் இது விதியன்று, பழக்கத்தில் இறுகிய போக்கே. ஏனெனில் கிளவ் எனும் கையுறை மின்னுவதில்லை, ஸ்னோ எனும் பனிக்கும் மூக்குக்கும் சளி பிடிக்கும் வரை எத்தொடர்பும் இல்லை.