'சுமுகமாக முடியும்' அண்ணன்

விழுப்புரமோ திண்டிவனமோ, எங்கே இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றாலும் நடுவில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நிற்பார். சட்டைப்பையில் இரண்டு பேனா, நாலாக மடித்த வெள்ளைத்தாள். தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை என்றால் தாசில்தார் வருவதற்கு முன்பே அண்ணன் ஆஜர்.

"உக்காந்து பேசுனா தீராததுன்னு ஒண்ணு இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார். உட்காரத்தான் அரை நாள் ஆகும். யாருக்கு எந்த நாற்காலி என்பதே முதல் பிரச்சினை. கேலி செய்தால் பதில் தயார். வியட்நாம் போரை நிறுத்த பாரிஸில் கூடியவர்கள், மேஜை வட்டமா சதுரமா என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டி 1969 ஜனவரியில்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். "நாங்க பிளாஸ்டிக் சேர் பிரச்சினைய அரை நாள்ல முடிச்சிட்டோம்ல?"

போன அறுவடையின்போது ஒரு நெல் மண்டியில் மூட்டைக் கூலித் தகராறு. தொழிலாளர்கள் மூட்டைக்கு 3 ரூபாய் கூடக் கேட்டார்கள். வியாபாரிகள் 1 ரூபாய்க்கு மேல் பைசா கிடையாது என்றார்கள். 2 ரூபாயில் முடியும் என்பது டீ கொண்டுவந்த பையனுக்கே தெரியும். அண்ணன் இந்தப் பக்கம் போய், "அவங்க ஏறக்குறைய வந்துட்டாங்க, நீங்கதான் கொஞ்சம் எறங்கணும்" என்றார். அந்தப் பக்கம் போய் அதையே சொன்னார். மதியம் ஒரு வெளிநடப்பு. வெளியே போனவர்களைப் பக்கத்து ஓட்டலில் உட்காரவைத்து சாப்பாடு வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு 2 ரூபாயில் கையெழுத்து.

"இதக் காலையிலேயே முடிச்சிருக்கலாமேண்ணே?" என்றேன்.

"வெவரம் தெரியாத ஆளா இருக்கியே! காலைல கையெழுத்துப் போட்டா, வெளிய நிக்கிற ஆளுங்க 'வெல போயிட்டான்'னு தலைவர் சட்டையப் புடிப்பாங்க. மொதலாளிய அவரு பங்காளியே சும்மா வுடமாட்டான். ரெண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து வெளிய வரணும்பா."

பெரிய இடத்திலும் கதை இதுதான். 2018 ஜனவரியில் அரசுப் போக்குவரத்து ஊழியர்கள் 2.57 மடங்கு ஊதிய உயர்வு கேட்டார்கள், அரசு 2.44 என்றது. நடுவில் வெறும் 0.13. அதற்காக 4-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் முடிந்தது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக நியமித்தது. போக்குவரத்துக் கழகம் ஒன்றின் தலைமையகம் விழுப்புரத்திலேயே இருந்தும் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அண்ணனுக்கு இன்றைக்கும் மனக்குறை.

தேர்தல் நெருங்கினால் ஆள் பா.ம.க. நிறுவனரின் தைலாபுரம் தோட்டத்துப் பக்கம் டீக்கடையில் இருப்பார். 2024 மார்ச் 19 அன்று பா.ஜ.க. – பா.ம.க. ஒப்பந்தம் அங்கே கையெழுத்தாகி 10 தொகுதி என்றதும், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவர் அடித்துச் சொன்னது அ.தி.மு.க. கூட்டணியை. 2025-இல் அதே பா.ம.க.வில் நிறுவனரான அப்பாவுக்கும் அவர் மகனுக்குமே ஒத்துப்போகவில்லை என்றபோதுதான் அண்ணன் பேனாவை மூடிப் பையில் செருகினார். "கட்சிக்கும் கட்சிக்கும் நடுவுல நிக்கலாம். அப்பனுக்கும் புள்ளைக்கும் நடுவுல நின்னா, நாளைக்கு அவங்க சேந்துக்குவாங்க, நாமதான் எதிரி."

நிருபர்கள் மைக்கை நீட்டினால் மனப்பாடமாக ஒப்பிப்பார்: "பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்தது. உடன்பாடு ஏற்படவில்லை. அடுத்த சுற்று புதன்கிழமை."

என்னதான் சிரித்தாலும், ஊருக்கு ஒரு அண்ணன் வேண்டும். எந்த ஒப்பந்தமானாலும் பிடிக்காதவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள்; அவர்கள் திட்டுவதற்கு ஒரு ஆள் தேவை. கையெழுத்துப் போட்ட தலைவர்கள் மாலையோடு வீட்டுக்குப் போவார்கள், திட்டு மொத்தமும் அண்ணன் கணக்கில் ஏறும். உங்கள் வரப்புத் தகராறுக்கும் தாராளமாக அவரைக் கூப்பிடுங்கள். டீச் செலவு யாருடையது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். அதில் தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஆள் கிடையாது.