தவறுவதற்கென்றே ஒரு விரல்

ஈபே ஏலத்தில் 9.95 டாலருக்குப் பதில் 99.50 என்று தட்டிவிட்டால், கேட்டதை விலக்கிக்கொள்ளலாம். மனம் மாறியதெல்லாம் காரணமாகாது. நியாயம்தான். ஆனால் அங்கே ஒவ்வொருவரின் உச்சத்தொகையும் மறைந்தே இருக்கும். போட்டி வந்தால்தான் விலை படியேறும். விரல் ‘தவறி’ ஒரு பெருந்தொகை விழுந்தால், முன்னவரின் உச்சம் அம்பலம். உடனே விலக்கிவிட்டு, அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு கணக்கிலிருந்து கேட்க வைத்தால் விற்பவருக்குக் கொண்டாட்டம். மனிதர் விரல் தவறாதா என்பீர்கள். தவறும்; தவறியவர் சரியான தொகையை உடனே பதிவார், விதியும் அதுதான். வேவு பார்த்தவருக்கோ திடீரென்று பொருளே பிடிக்காமல் போகும். கடைசி 12 மணி நேரத்தில் கேட்டதை 1 மணி நேரத்துக்குள் விலக்கியாக வேண்டுமாம். வேவுக்கு அது தாராளம். ஏலம் கேட்பவரே, கேட்புப் பட்டியலில் விலக்கியவை எத்தனை என்று முதலில் பாருங்கள்.