மூன்று தரம் யோசியுங்கள்

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், காணவில்லை அறிவிப்புக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் நடுவே, அவ்வப்போது ஒரு சிறு செய்தி வரும். மதுவிலக்குக் குற்றங்களில் பிடிபட்டு அரசுடைமையாக்கப்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் ஆயுதப்படை மைதானத்தில் பொது ஏலம் விடப்படும், விருப்பமுள்ளவர்கள் ஆதார் நகலோடு முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துகொள்ளலாம், ஏலத்தொகையோடு ஜி.எஸ்.டி.யும் கட்டி வண்டியை எடுத்துச் செல்லலாம். படிக்கிற குடும்பஸ்தரின் மனசில் உடனே ஒரு கணக்கு ஓடும். வெளியே மூன்று லட்சம் சொல்கிற கார் இங்கே ஒன்றரை லட்சத்துக்குக் கிடைக்கும். விற்பவர் போலீஸ், ஆகவே ஏமாற்று வேலை இருக்காது. இதில் முதல் பாதி பல நேரம் உண்மை. இரண்டாம் பாதியும் உண்மைதான். இரண்டு உண்மைகளைக் கூட்டினால் ஒரு நல்ல கார் வரும் என்று நினைப்பதில்தான் கணக்கு உதைக்கிறது.

பழைய கார் வாங்குவது ஏன் வயிற்றைக் கலக்கும் வேலையாக இருக்கிறது என்பதை ஒரு பொருளியல் அறிஞர் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் வெளியிட்ட அந்தக் கட்டுரையை அதற்கு முன் மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். அவர் சொன்னதன் சாரம் நம் ஊர்ப் புரோக்கர்கள் அனைவருக்கும் பரம்பரையாகத் தெரிந்த விஷயம்: காரின் நோய் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. போலீஸ் ஏலத்தில் இந்த விதி ஒரு படி மேலே போய்விடுகிறது. அங்கே விற்பவருக்கும் ஒன்றும் தெரியாது. ஏலம் கூறும் அதிகாரி அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவர் அல்லர். அது மூன்றாவது கியரில் முனகுமா, ஏ.சி. போட்டால் கொதிக்குமா என்பதெல்லாம் அவருடைய கோப்பில் இல்லை. கோப்பில் இருப்பது குற்ற எண்ணும், பிடிபட்ட பாட்டில்களின் எண்ணிக்கையும். அந்த வண்டியின் சுக துக்கங்களை முழுதாக அறிந்தவர் ஒருவர் உண்டு. அவர் சிறையில் இருக்கலாம், ஜாமீனில் இருக்கலாம், தலைமறைவாகவும் இருக்கலாம். சர்வீஸ் விவரம் கேட்டு அவருக்குப் போன் போடுவது நல்லதல்ல.

அவரிடம் அந்த வண்டி எப்படி வாழ்ந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். அதே சரக்கைப் புதுச்சேரியிலிருந்து மலிவாக வாங்கி வந்து விற்றால், 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் பாயும். ஆக, ஏலத்துக்கு வரும் கார் பெரும்பாலும் அரசோடு தொழில் போட்டியில் தோற்றவருடையது. பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டி பெட்டியாக ஏற்றியிருப்பார். சோதனைச் சாவடியைச் சுற்றிப்போக ஏரிக்கரையிலும் வரப்பிலும் விரட்டியிருப்பார். 'டாக்டர் ஓட்டிய வண்டி', 'ஒரே கை மாறியது' என்றெல்லாம் புரோக்கர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. துரத்திய ஜீப்பிடமிருந்து தப்பிக்கப் பார்த்த வண்டி என்பதை எந்த விளம்பரத்திலும் சிறப்பம்சமாகச் சேர்க்க முடியாது.

பிடிபட்ட பிறகுதான் உண்மையான சிதைவு தொடங்குகிறது. உரிமையாளருக்கு நோட்டீஸ், அவருடைய விளக்கம், பறிமுதல் உத்தரவு, மேல்முறையீடு என்று சட்டம் தன் நடையில் நடக்கும். அதுவரை வண்டி காவல் நிலைய வளாகத்து வேப்பமரத்தடியில் நிற்கும். கைப்பற்றிய வாகனங்களை இப்படி ஆண்டுக்கணக்கில் போட்டுவைப்பதில் அர்த்தமில்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. புகைப்படம் எடுத்து, பிணை வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள். யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம் விடுங்கள் என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்புக்குப் பிறகும் எத்தனையோ வளாகங்களில் வண்டிகளின் மேல் கொடி படர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஓடுகிற கார் தேய்வதைவிட நிற்கிற கார் வேகமாகக் கெடும். சில மாதங்களில் பேட்டரி செத்துவிடும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர்கள் அந்த இடத்திலேயே தட்டையாகி வெடிப்பு விடும். ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்கும். இவ்வளவு நாளும் வண்டியை ஆர்வத்தோடு பயன்படுத்தியவை எலிகள் மட்டுமே. அவற்றுக்கு ஒயரிங்கின் ருசி நன்றாகத் தெரியும்.

இத்தனையும் தெரிந்துதானே விலையைக் குறைத்து வைக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஏலத்தின் ஆரம்ப விலையைத்தான் மோட்டார் வாகன ஆய்வாளரின் மதிப்பீடு சொல்லும். முடிவு விலையைச் சொல்வது பக்கத்தில் நிற்பவர்கள். அவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள், பழைய உதிரிபாகம் விற்பவர்கள், ஏலம் ஏலமாகப் போய் வருவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். பானெட்டைத் திறந்து ஒரு பார்வை, டிப் ஸ்டிக்கை உருவி ஒரு முகர்தல், குனிந்து அடியில் ஒரு நோட்டம். அவ்வளவில் வண்டியின் ஜாதகம் அவர்களுக்குக் கிடைத்துவிடும். நாம் செய்யக்கூடியது டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பது. அதிலிருந்து தெரியவருவது நம் செருப்பின் தரம்தான். இனி ஏலம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். நல்ல வண்டி என்றால் அவர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள், நமக்குக் கட்டுப்படியாகாது. மோசமான வண்டி என்றால் அவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள், நமக்குக் கிடைத்துவிடும். "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று முடித்து நம் பெயரைக் கூப்பிடும்போது, விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று விட்ட வண்டிக்கு நாம் சொந்தக்காரர்.

மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் துண்டங்களை ஏலம் எடுத்த நிறுவனங்களுக்குப் போட்ட பணம் ஏன் சரியாகத் திரும்பவில்லை என்று அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் கம்பெனியின் பொறியாளர்கள் மூவர் ஆராய்ந்து, 1971-இல் இதே முடிவுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு மதிப்பு போடும்போது, மிக அதிகமாகத் தப்பாகக் கணித்தவரே ஏலத்தில் ஜெயிக்கிறார். வென்றவரின் சாபம் என்று அதைப் பொருளியலில் சொல்கிறார்கள். எண்ணெய்க் கம்பெனிகளாவது நிலவியல் நிபுணர்களை வைத்துக்கொண்டு ஏமாந்தன. நாம் மச்சானைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

"பழைய கார்க் கடைக்காரர் மட்டும் யோக்கியரா? மீட்டரையே திருப்பி வைக்கிறாரே" என்பது அடுத்த ஆட்சேபம். யோக்கியர் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் அவர் சாவியைக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க விடுவார். வாங்கிய மறுநாள் வண்டி நின்றுவிட்டால், அதே தெருவில் அதே கடை இருக்கும். போய் நாலு வார்த்தை கேட்கலாம். ஏலத்தில் வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது. கிளட்ச் போய்விட்டது என்று மாவட்டக் காவல் அலுவலக வாசலில் நின்று குரலை உயர்த்த எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வந்தாலும், திரும்பி வருவதற்கு வேறு வண்டி தேட வேண்டியிருக்கும்.

போலீஸ் ஏலத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதை மறைப்பது முறையல்ல: உரிமை சுத்தமானது. திருட்டு வண்டியோ, பங்காளிச் சண்டையோ என்ற பயம் கிட்டத்தட்ட இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 57-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. அரசு ஏலத்தில் எடுத்தவர் 30 நாளுக்குள் படிவம் 32-இல், ஏலத்தை உறுதிசெய்யும் உத்தரவையும், ஏலத்துக்கு அனுமதி தந்த அரசாணையின் சான்றிட்ட நகலையும் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். வண்டியின் எண் போலி என்று தெரியவந்தால், முதலில் ஏலம் விட்ட துறையின் பெயரில் புதிய எண் கொடுத்து, பிறகு நம் பெயருக்கு மாற்றவும் விதியில் வழி இருக்கிறது. ஆகவே கையெழுத்துகள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா, ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். அது சரியாக இருந்தால், உலகத்திலேயே மிக உறுதியான பத்திரம் நம் கையில். அந்தப் பத்திரத்துக்கு உரிய வண்டியை ரெக்கவரி வேன் இழுத்து வரும்.

இனி ரூபாய்க் கணக்கு. வெளியே 3,00,000 போகும் காரை 1,50,000-க்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றால் 27,000. இழுத்து வர 3,000. டயர்களும் பேட்டரியும் 25,000. ஆயில்கள், பிரேக், கிளட்ச், பெல்ட், எலி விட்டுவைத்த ஒயரிங் எல்லாம் சேர்ந்து 40,000. காப்பீடு, பெயர் மாற்றம் 15,000. மொத்தம் 2,60,000. மிச்சம் 40,000 ரூபாய். அதுவும் இன்ஜின் பிழைத்திருந்தால். இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் அந்த மிச்சமும் அன்றே போய்விடும். கார் பதினைந்து வயதைத் தாண்டியது என்றால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-இலிருந்து 5,000 ஆகிவிட்டதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கள்ளச்சாராய வண்டி வேண்டாம், பெரிய மனிதர்களின் கார் ஏலத்துக்கு வருமே என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. வருகிறதுதான். நீரவ் மோடியின் ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் 2019-இல் அமலாக்கத் துறை ஏலத்தில் 1.33 கோடிக்குக் கேட்கப்பட்டது. கோடிக்கணக்கில் கேட்க வந்தவர்களுக்கும் பார்த்துக்கொள்ள மட்டுமே அனுமதி, ஓட்டிப் பார்க்க அனுமதி இல்லை. இன்னொரு பக்கம், தாவூத் இப்ராகிமின் ஹூண்டாய் அக்சென்ட் 2015 டிசம்பரில் மும்பை ஏலத்தில் வெறும் 32,000 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் இந்து மகாசபையின் சுவாமி சக்ரபாணி. அதே மாதம் அதை காசியாபாத்துக்குக் கொண்டுபோய் எல்லார் முன்னிலையிலும் கொளுத்திவிட்டார். அரசு ஏலத்தில் கார் எடுத்து, எதற்காக எடுத்தாரோ அந்தப் பயனை முழுமையாக அடைந்தவர் என்று தயங்காமல் அவரைச் சொல்லலாம். இன்ஜின் ஓடுமா என்ற கவலை அவருக்கு இல்லை. பெட்ரோல் மட்டும் போதுமானதாக இருந்தது.

காவல் துறையே ஓட்டிக் கழித்த ஜீப்புகள் பராமரிப்போடு இருக்குமே என்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: பழுது பார்க்கக் கட்டுப்படியாகாது என்று அரசே எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் அவை கழிக்கப்படுகின்றன. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதும் இல்லை.

ஆகவே தீர்ப்பு இது. சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தால் ஏலத்துக்குப் போங்கள், லாபம் உண்டு. உதிரிபாக வியாபாரமா, தாராளமாகப் போங்கள். இருசக்கர வாகனம் என்றால் நஷ்டம் வந்தாலும் தாங்கலாம், அதையும் கேட்டுப் பார்க்கலாம். குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர ஒரு கார் வேண்டும் என்பவர், நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கே போகட்டும். இல்லை, ஏலத்தில்தான் எடுப்பேன் என்றால், இன்ஜின் செத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு விலையைக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் மெக்கானிக்குகள் மௌனமான அந்த நொடியில் நீங்களும் மௌனமாகிவிடுங்கள்.