இருபத்துநாலும் பதினாறும்

போன வாரம் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டேன். கண்ணாடி முழுக்கச் சுத்தமாகத் துடைத்தது, என் கண்ணுக்கு நேரே நாலு விரல் அகலத்தைத் தவிர. அந்த இடத்தில் மட்டும் தண்ணீரை வழிக்காமல் பூசிவிட்டுப் போனது. எதிரே வருகிற வண்டியின் விளக்கு அதில் பட்டதும் பாலம், லாரி, பைக்காரர் எல்லாம் கலந்து மஞ்சளாக ஏதோ தெரிந்தது. குனிந்தால் ரோடு தெரிகிறது, நிமிர்ந்தால் தெரியவில்லை. ஆகவே குனிந்தபடியே ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் இருந்த மனைவிக்கு முன்னால் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. "நல்லாத்தானே தெரியுது, ஏன் இப்படிக் கூனிக்கிட்டு ஓட்டுறீங்க?" என்றாள். வைப்பர் செய்கிறவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். முதலில் கெட்டுப்போவது ஓட்டுகிறவன் பக்கத்து பிளேடுதான். அதிலும் அவன் கண்ணுக்கு நேராக வரும் பாகம்தான்.

உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும். மே மாதத்தில் வைப்பர் மாற்றிய ஒருவரைக் காட்டுங்கள், காலில் விழுந்து கும்பிடுகிறேன். நாமெல்லாம் மழை பெய்கிறபோது மட்டும் வைப்பரை நினைக்கிற ரகம். மழை விட்டால் வைப்பரும் மனதை விட்டுப் போய்விடும். இந்த முறை விடுவதில்லை என்று மறுநாளே இறங்கினேன். எந்த பிளேடு வாங்கலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

முதலில் ஃபோனில் தேடினேன். ஃப்ரேம் உள்ளது, ஃப்ரேம் இல்லாதது, இரண்டும் கலந்த ஹைப்ரிட். சாதா ரப்பர், கிராஃபைட் பூசிய ரப்பர், சிலிகான். மாட்டுகிற இடத்தில் யூ வடிவக் கொக்கியா, பக்கவாட்டு பின்னா, அழுத்திப் பூட்டுகிற வகையா? விலை 300 ரூபாயில் ஆரம்பித்து ஆயிரங்களில் போய் நிற்கிறது. 'எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒன்றைத் திறந்தால், பொருந்தாத கார்களின் பட்டியல் பொடி எழுத்தில் கீழே இருக்கிறது. என் கார் அதில் இரண்டாவது. வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளையும் படித்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்: "பார்சல் நன்றாகக் கட்டியிருந்தது. இன்னும் மழை வரவில்லை." இன்னொருவர் ஒரே நட்சத்திரம்: "டெலிவரி செய்தவர் மாடிக்கு வரவில்லை." இரவு பன்னிரண்டு மணிவரை படித்ததில், பிளேடை மழையில் ஓட்டிப் பார்த்த ஒரு ஜீவனைக்கூடச் சந்திக்கவில்லை. வீடு வாங்கும்போதுகூட நான் இவ்வளவு படிக்கவில்லை. பத்திரத்தை வக்கீல் படித்தார், நான் கையெழுத்துப் போட்டேன்.

சரி, நேரில் போய்விடலாம் என்று ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பினேன். பலகையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று இருக்கும். அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு நிமிஷம் யோசிப்பார். காருக்கு உண்டான எதுவும் அங்கே ஏதோ ஒரு கடையில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். கவுன்ட்டரில் இருந்த பையன் தலையை நிமிர்த்தாமலே விசாரணையை ஆரம்பித்தான்.

"என்ன வண்டி?"

சொன்னேன்.

"எந்த வருஷம்?"

சொன்னேன்.

"வருஷத்துல எந்த மாசம்? நடுவுல மாடல் மாறிடுச்சு சார்."

அதையும் சொன்னேன்.

"பெட்ரோலா, டீசலா?"

மழையைத் துடைப்பதற்கும் டீசலுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்டேன். "சும்மா கேட்டேன் சார்" என்றான். பிறகு உள்ளே திரும்பி, "அண்ணே, இருபத்துநாலும் பதினாறும் ஒரு செட்டு" என்று குரல் கொடுத்தான். ஓட்டுகிறவர் பக்கம் 24 இன்ச், இடது பக்கம் 16 இன்ச். நாடு மெட்ரிக் முறைக்கு மாறி அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. வைப்பருக்கும் டிவிக்கும் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

"ரப்பர் மட்டும் மாத்த முடியாதா?" என்று கேட்டேன். அப்போதுதான் பையன் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான். "இப்ப யாரு சார் ரப்பர் மாத்துறா? செட்டாத்தான் வரும்."

இந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தில் இரும்புச் சட்டம் வண்டியோடு வந்தது வண்டியோடேயே இருக்கும். தேய்ந்த ரப்பரை உருவிப் போட்டுவிட்டு, புது ரப்பரைக் காடியில் செருகி, ஓரத்தைக் குறட்டால் ஒரு அழுத்து அழுத்தினால் வேலை முடிந்தது. இன்றைக்கும் கெட்டுப்போவது அந்த ரப்பரின் மெல்லிய நுனி மட்டும்தான். அதற்காக எஃகுத் தகடு, பிளாஸ்டிக் மூடி, கொக்கி எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பையில் போடு என்கிறார்கள். வார் அறுந்ததற்குச் செருப்பையே தூக்கி எறியச் சொல்வது மாதிரி. ரப்பருக்குத்தான் பஞ்சம் என்றால் அதுவும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தோட்டம் தோட்டமாக நிற்கிறது. பக்கத்து மாநிலத்துக் கோட்டயத்தில் அதற்கென்று ஒரு வாரியமும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அரை மீட்டர் சொச்சம் ரப்பர் நாடாவைத் தனியாக விற்க ஆளில்லை.

பையன் எடுத்துப் போட்ட பெட்டியின் மேல் ஒரு படம். பனி கொட்டுகிற மலைப்பாதையில் ஒரு வெளிநாட்டுக் கார். கடுங்குளிரிலும் உறையாது என்று உத்தரவாதம் வேறு. சென்னையில் என் கார்க் கண்ணாடி ஒரு நாள் உறைந்திருந்தால் பேப்பரில் முதல் பக்கத்தில் வந்திருக்கும். நமக்கு வேண்டிய உத்தரவாதம் வேறு. மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு, மர நிழல் இல்லாத பார்க்கிங்கில், கொதிக்கிற கண்ணாடி மேல் கிடந்தால் இந்த ரப்பர் என்ன ஆகும்? அதைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரி இல்லை.

என்ன ஆகும் என்பதை என் பழைய பிளேடு சொல்லும். நல்ல ரப்பரின் நுனியை நகத்தால் தள்ளினால் மடங்கும், விட்டால் நிமிரும். வைப்பர் ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அந்த நுனி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரண்டு சாய வேண்டும். சாய்ந்தபடி இழுபட்டால்தான் தண்ணீரை வழிக்கும். வெயிலில் இறுகிப்போன ரப்பர் புரளாது, ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். போகும்போது ஒழுங்காக வழித்துவிட்டு, திரும்பும்போது டக டக டக என்று குதிக்கும். என்னுடையதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் நெடுக மயிரிழை வெடிப்புகள். நடுவில் அரிசி அளவு ஒரு துண்டே காணோம். ஓடித் தேய்ந்ததல்ல அது. இந்த ஊரில் வைப்பர் உருப்படியாக ஓடுவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். மற்ற மாதங்களில் படுத்துக் கிடக்கிறது. படுத்தே கெட்டுப்போகிறது.

நிம்மதியாகப் படுக்க விடுகிறோமா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் வைப்பர் முதலில் ஒரு நோட்டீஸ் கிளிப், மழையைத் துடைப்பது உபரி வேலை. எங்கே நிறுத்தினாலும், திரும்பி வருவதற்குள் யாரோ அதைத் தூக்கி ஒரு காகிதத்தைச் செருகிவிட்டுப் போயிருப்பார். திண்டிவனம் அருகே வீட்டுமனை, விமான நிலையத்திலிருந்து 45 நிமிடப் பயணம் என்று ஒன்று. விமானத்திலேயே போனால் சாத்தியம்தான். அதற்கு அடியில் நீட் கோச்சிங். அதற்கும் அடியில் மூலம், பௌத்திரம், அறுவை சிகிச்சை இல்லாமல். பிறகு கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிப்பவர், பழைய ஏசியை வாங்கிக்கொள்பவர், ஜாமீன் இல்லாமல் கடன் தருபவர், முதல் நாள் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற பிரியாணிக் கடைக்காரர். கோயில் வாசலில் பார்க்கிங் சீட்டு. கும்பாபிஷேக அழைப்பிதழ், நன்கொடை ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளோடு. எங்கள் குடியிருப்பில் யாரோ எழுதிய கடிதம்: "இது எங்கள் இடம். இனி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும். நன்றி." அந்த நன்றியை நான் இன்னும் மறக்கவில்லை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையை வைப்பரில் செருகிவிட்டுப் போய், நாங்கள் வரவில்லை என்று இன்றுவரை பேசுவதில்லை. அன்று ராத்திரி மழை பெய்தது. காலையில் வைப்பரைப் போட்டபோது மணமகன் பெயர் கண்ணாடியின் இடது ஓரத்துக்கும் மண்டபத்தின் பெயர் வலது ஓரத்துக்கும் போய்விட்டன.

கார் துடைக்க வருகிறவர் இருக்கிறாரே, அவருக்கு வைப்பர்தான் வருகைப் பதிவேடு. துடைத்து முடித்ததும் இரண்டையும் தூக்கி நிறுத்திவிட்டுப் போவார். தூக்கியிருந்தால் துடைத்தாயிற்று என்று அர்த்தம். சில நாள் தூக்கி மட்டும் இருக்கும். காரைத் துடைத்த துணியைக் காயப்போடுவதும் அதன் மேல்தான். பையன்கள் ஆடுகிற பந்து வந்து பட்டு வளைவதும் அதுதான். ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனம் குழைத்து மூன்று பட்டை போட்டு நடுவில் குங்குமம் வைப்பதும், வேறு எங்கேயும் இல்லை, ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேரே, பிளேடு போய் வரும் பாதையில்தான். பானெட்டில் வைக்கலாமே என்றால், "சாமிக்குத் தெரிய வேண்டாமா?" என்கிறாள். பூஜை முடிந்து கொஞ்ச நாளில் பருவமழை. காய்ந்த சந்தனத்தை அந்த ரப்பர் உப்புத்தாளாகத் தேய்த்துக்கொண்டு போவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அழகர்கோயிலில் ஒரு குரங்கு என் கண் முன்னாலேயே பானெட்டில் ஏறி உட்கார்ந்து, ரப்பரை நுனியில் பிடித்து நிதானமாக உருவி எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனது. சட்டத்துக்கு ஒரு கீறல் இல்லை. ரப்பரை மட்டும் தனியாகக் கழற்றத் தெரிந்த கடைசி ஜீவன் அதுதான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒரு வைப்பருக்காக இவ்வளவு அலட்டிக்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை" என்றாள் மனைவி. பார்க்காதது அவள் குற்றமில்லை, அந்த மனுஷர் அமெரிக்காவில் இருந்தார். ராபர்ட் கெர்ன்ஸ். தூறலின்போது ஒரு முறை துடைத்துவிட்டுச் சற்று நின்று மறுபடி துடைக்கிற வைப்பரை 1960-களில் உருவாக்கியவர். ஃபோர்டு நிறுவனத்துக்குக் காட்டினார். அவர்கள் பார்த்துவிட்டு அவரை அனுப்பிவிட்டு, தாங்களே அப்படி ஒன்றை வண்டியில் வைத்தார்கள். 1978-ல் வழக்குப் போட்டார். 1990-ல் 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு அது முடிந்தது. அதோடு விட்டாரா? கிரைஸ்லர் மேலும் வழக்குப் போட்டு, வக்கீல் இல்லாமல் தானே வாதாடி ஜெயித்தார். இடையில் மனைவி பிரிந்து போனார். இதையும் சொன்னேன். "அந்தம்மா எப்ப போனாங்க, கேஸ் போட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வியின் தொனி பிடிக்கவில்லை.

அவருக்காவது பணம் வந்தது. வைப்பருக்கே முதலில் வழி காட்டியவர்களில் ஒருவர் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். 1903-ல் காப்புரிமை வாங்கினார். உள்ளே உட்கார்ந்து கையால் ஒரு பிடியை இழுத்தால் வெளியே ரப்பர் துடைக்கும். ஒரு கனடா நிறுவனத்திடம் கொண்டுபோனபோது, இதை விற்றுக் காசு பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அதில் காசு எதுவும் வரவில்லை. ஜி.பி. ரோட்டில் ஒரு நாள் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் என்ன வாங்கினேன் என்றால், பையன் நீட்டியதை வாங்கினேன். பெட்டிக்குள் ஒரு கைப்பிடி பிளாஸ்டிக் கொக்கிகள் இருந்தன. அவற்றில் ஒன்று என் காருக்குப் பொருந்தியது. மற்றவை எந்தெந்த நாட்டுக் கார்களுக்கோ. எதற்காவது உதவும் என்று டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன், போன முறை வந்த கொக்கிகளுக்குப் பக்கத்தில். நீங்களே மாட்டுவதாக இருந்தால் கண்ணாடி மேல் ஒரு தடித்த துண்டை விரித்துக்கொள்ளுங்கள். பிளேடைக் கழற்றிய வெறும் இரும்புக் கை ஸ்ப்ரிங் வேகத்தில் வந்து அறைந்தால் கண்ணாடியே விரிந்துவிடும். பையன் துண்டெல்லாம் போடவில்லை. அரை நிமிஷத்தில் மாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் பெட்ரோலா டீசலா என்று கேட்கப் போய்விட்டான்.

காரை எடுத்துக்கொண்டு காபி குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் வலது பக்கத்துப் புது பிளேடுக்கு அடியில், வழவழப்பான தாளில், நாலு வண்ணத்தில், மனைப்பிரிவு வரைபடம். வடகிழக்கு மூலை விற்றுவிட்டதாம்.

மனை விற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோட்டீஸைக் கையில் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன், மடிக்காமல் முழுசாகப் படிக்கிறேன், நம்பர் கேட்டால் அதையும் தருகிறேன். வைப்பரைத் தூக்காதீர்கள். ரப்பரைத் தனியாக விற்பதில்லை.