பிளாப்பி டிரைவின் பணி நீட்டிப்புக்கு நன்றி

பெறுநர்: மாண்பமை தலைவரும் உறுப்பினர்களும், கண்டம் செய்யும் குழு (அலுவலகத்தின் பெயர் மரியாதை கருதித் தவிர்க்கப்படுகிறது).



உதவாத பொருள்களை இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்கி ஏலத்திற்கோ மறுசுழற்சிக்கோ அனுப்பப் பரிந்துரைப்பது, அதாவது அலுவலக வழக்கில் கண்டம் செய்வது, தங்கள் குழுவின் பணியாகும். சென்ற வாரம் கணக்குப் பிரிவின் பழைய டெஸ்க்டாப் கணினியைப் பார்வையிட்ட குழு, அதன் முகப்பில் பிளாப்பி டிரைவின் பச்சை விளக்கு அணையாமல் எரிவதைக் கண்டு, "நல்ல நிலையில் உள்ளது, கண்டம் செய்ய இயலாது" என்று கோப்பில் எழுதிச் சென்றது, மூத்த அலுவலர் ஒருவருக்கு இவ்வலுவலகம் இதுவரை வழங்கியுள்ள அங்கீகாரங்களிலேயே பெரியதாகும். மனிதர்களை 60 வயதில் சால்வை போர்த்தி அனுப்பிவிடும் மைய அரசு அலுவலகத்தில், பிளாப்பியாருக்கு மட்டும் காலவரையற்ற பணி நீட்டிப்பு கிடைத்திருக்கிறது.

அவருடைய தகுதிகள் சிறியவை அல்ல. காந்தப் பூச்சு கொண்ட மெல்லிய வட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் அடக்கிய பிளாப்பியின் கொள்ளளவு 1.44 மெகாபைட், குழுவினர் தம் கைப்பேசியில் எடுத்த ஆய்வுப் படம் ஒன்றுகூட அதில் அடங்குவது ஐயம். சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் இவ்வட்டுகளின் விற்பனையை நிறுத்தியது. அந்நாட்டின் டிஜிட்டல் துறை அமைச்சராக இருந்த தாரோ கோனோ, பிளாப்பியைக் கட்டாயமாக்கிய அரசு விதிகளை 2024-இல் ஏறத்தாழ முழுமையாக ஒழித்துவிட்டார். ஜப்பானியருக்குப் பணிமூப்பை மதிக்கத் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

விளக்கைப் பற்றிச் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. பிளாப்பி டிரைவை மதர்போர்டுடன், அதாவது கணினியின் தாய்ப்பலகையுடன், இணைப்பது 34 கம்பிகள் கொண்ட தட்டையான கேபிள்; வட்டைப் படிக்கும்போதும் எழுதும்போதும் மட்டுமே எரிய வேண்டிய விளக்கு, கேபிளைத் தலைகீழாகச் செருகிவிட்டால் கணினியை நிறுத்தும் வரை அணையாமல் எரியும். இது பழுதுபார்க்கும் கடைப் பையன்கள் முதல் நாளிலேயே கற்கும் பாடம். ஆகவே குழு கண்ட ஒளி, பிளாப்பியார் பணியாற்றுகிறார் என்பதற்கன்று, பணியாற்றவே முடியாத நிலையில் இருக்கிறார் என்பதற்கே சான்றாகும். எனினும் வேலை செய்யாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு அமர்ந்திருப்பவரை நல்ல நிலையில் உள்ளவராகக் கருதுவது இவ்வலுவலகத்திற்குப் புதிதன்று.

கேபிள் தலைகீழானதற்கும் ஒரு வரலாறு உண்டு. இயக்கம் நின்றுபோன பழைய டிரைவை மேல்நிலை எழுத்தர் ஒருவர் முன்னரே கழற்றிவிட்டார். கணினி எழும்போது உறுப்புகளைச் சரிபார்க்கும் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள், "பிளாப்பி டிஸ்க் ஃபெயில் (40)" என்று காட்டி, எஃப்1 விசையை அழுத்தும் வரை அசையாமல் நின்றது. பயாஸ் அமைப்பில் டிரைவ் ஏ என்ற இடத்தில் 'நன்', அதாவது 'இல்லை', என்று மாற்றியதும் அத்தொல்லை தீர்ந்தது. இயந்திரம் ஏற்றுக்கொண்ட இல்லாமையைப் பதிவேடு ஏற்றுக்கொள்ளவில்லை. "கணினி 1, பிளாப்பி டிரைவுடன்" என்றிருந்த பதிவைக் காட்டி எழுத்தரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டது. ஓய்வு பெறவிருந்த அவருடைய நிலுவையின்மைச் சான்றும் நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் சென்னை ரிச்சி தெருவில் சொந்தப் பணத்தில் ஒரு பழைய டிரைவை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, நடுங்கும் கையால் கேபிளைச் செருகினார். எறிவதற்காக ஒரு பொருளை விலைக்கு வாங்கும்படி ஒரு மனிதரை விரட்டிவிட்டு, வாங்கி வந்ததும் அதை எறியக்கூடாது என்று எழுதுவதற்குப் பெயர் சொத்துப் பாதுகாப்பு அன்று. அது கையெழுத்திட அஞ்சுவோரின் கொடுமை, வெட்கக்கேடு.

குழுவின் சமூகத்தில் குரல் உயர்ந்தமைக்குப் பொறுத்தருள வேண்டும். பிளாப்பியாரின் சக ஊழியரான டயல்-அப் மோடமும், அதாவது தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் இணையத்தைத் தொடும் அட்டையும், அதே பெட்டிக்குள் நலமாக இருக்கிறது. அதற்கு விளக்கு இல்லாததால் குழுவின் பாராட்டு கிடைக்கவில்லை.

பொது நிதி விதிகள் 2017-இன் 217-ஆம் விதி, துறைக்குப் பயன்படாத பொருளை, காரணத்தைப் பதிவு செய்து, பயனற்றதென அறிவிக்க இடமளிக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் என்ற வழியையும் வகுத்துள்ளன. எனவே கோப்பில் "பயனற்றது" என்ற ஒரு சொல்லை எழுதித் தேதியுடன் கையொப்பமிடவும், டிரைவுக்கு எழுத்தர் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவும், குறிப்பாணையை விலக்கிக்கொண்டு பிளாப்பியாருக்கு முன்பாக அந்த மனிதரை ஓய்வு பெற அனுமதிக்கவும் குழுவினர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.