இருமுறை தள்ளிப்போன கெடு

கேள்வி: அமெரிக்க ஆளுகைக்குட்பட்ட வடக்கு மரியானா தீவுகள் அந்நியத் தொழிலாளரின் தயவை விட்டொழிக்குமா?

பதில்: சங்கல்பம் செய்து வெகுகாலமாயிற்று. அங்கே சீன, பிலிப்பைன்ஸ் தேசத்தாரின் கரங்களால் கொழித்த சைப்பான் தீவின் ஆடைத் தொழிற்சாலைகள் 2009-இல் அஸ்தமித்துவிட, அவ்வாண்டே குடிவரவு அதிகாரத்தைத் தன் வசமாக்கிக்கொண்ட அமெரிக்க அரசாங்கம், அந்நியர்க்கான விசேஷ அனுமதி 2014-உடன் முற்றுப்பெறும் என்று கெடு விதித்து, பின்னர் அதனை 2019-க்கும், அப்பால் 2029-க்கும் ஒத்திவைத்த வைபவத்தைக் காணுங்கால், முகூர்த்தம் இருமுறை தள்ளிப்போன கல்யாணமே நினைவுக்கு வருகிறது. சட்டப்படி அனுமதிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருவது மெய்தான்; ஆயினும் ஜனத்தொகை ஐம்பதினாயிரத்தையும் எட்டாத தீவுக்கூட்டத்தில் ஹோட்டல் படுக்கையை விரிப்பதற்கும் சுவரெழுப்புவதற்கும் ஆள் எங்கே? உள்ளூர் வாலிபர்களோ, அமெரிக்கப் பிரஜைகளாகிய பாக்கியத்தால், அதிக ஊதியம் நாடித் தாமே குவாமுக்கும் அமெரிக்கப் பெருநிலத்துக்கும் விமானமேறிவிடுகிறார்கள்!