தலைவர் கணவர்

எந்த ஊராட்சிச் சட்டத்திலும் இடம்பெறாததும், எவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காததும், ஆயினும் ஐந்தாண்டுக் காலம் ஊருக்குள் முழு அதிகாரத்தோடு செல்லுபடியாவதுமான ஒரு பதவி இந்நாட்டில் உண்டென்றால், அது ஊராட்சி மன்றத் தலைவரின் கணவர் என்னும் பதவியே ஆகும். தமிழ்நாட்டு ஊர்களில் 'தலைவர் கணவர்' என்றும் வடநாட்டில் 'சர்பஞ்ச் பதி' என்றும் வழங்கப்படும் இவரைத் தனி மனிதராகக் கொள்ளாமல் ஒரு சமூக வகைமாதிரியாகக் கொண்டு ஆராய்வதே முறை. ஏனெனில் ஊர் மாறினாலும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும், சட்டைப்பையில் ஓயாமல் ஒலிக்கும் கைப்பேசியும், எதைக் கேட்டாலும் 'பார்த்துக்கலாம்' என்னும் பதிலும் மாறுவதில்லை.

இவருடைய தோற்றம் அரசமைப்புச் சட்டத்தோடு தொடர்புடையது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம், ஊராட்சி அமைப்புகளின் உறுப்பினர் இடங்களிலும் தலைமைப் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டுமென வகுத்தது. அதையொட்டித் தமிழ்நாடு 1994இல் தன் ஊராட்சிகள் சட்டத்தை இயற்றி, 2016இல் அவ்வொதுக்கீட்டைச் சரிபாதியாக உயர்த்தியது. 12,500க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் அப்போது இருந்த மாநிலத்தில் இதனால் ஏறத்தாழ ஆறாயிரம் தலைமை நாற்காலிகள் பெண்களுக்கு உரியவையாயின. ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும் நாளில், கோயில் கொடைக்கு நன்கொடையும் கபடிக் குழுவுக்குச் சீருடையும் வழங்கி நெடுங்காலமாக ஊரைப் பக்குவப்படுத்தி வைத்திருந்த ஒருவர், தம் ஊராட்சி பெண்களுக்கெனப் போய்விட்டதைக் கேட்டு நண்பகல்வரை இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்வதற்குள் தமக்கு ஒரு மனைவி இருப்பது அவர் நினைவுக்கு வந்துவிடும்.

அதன்பின் வேலைகள் விரைவாக நடக்கின்றன. கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதாகையால், முகமே சின்னமாக வேண்டியிருக்கிறது; அந்த முகம் யாருடையது என்பதில் அவருக்கு ஐயமே எழுவதில்லை. சுவரொட்டியில் அவர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்க, வேட்பாளரோ மூலையில் குடும்ப அட்டையிலிருந்து வெட்டி ஒட்டியது போன்ற படத்தில் திகைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அரசு விண்ணப்பங்களில் பெண்ணின் பெயருக்குக் கீழே 'க/பெ' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். கணவர் பெயரை எழுதுவதற்கான அக்கட்டம், தேர்தல் காலத்தில் தாளைவிட்டு இறங்கி வந்து வீடு வீடாக வாக்குக் கேட்கிறது. இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் ஊரும், பெயர் அவளுடையது, ஓட்டு அவருக்கு என்ற தெளிவோடுதான் குத்துகிறது.

அமெரிக்க மானிடவியலாளர் ரால்ஃப் லிண்டன், 1936இல் வெளியான 'தி ஸ்டடி ஆஃப் மேன்' என்னும் நூலில், தகுநிலை, பங்கு என்னும் இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஒருவருக்குச் சமுதாயத்தில் உள்ள இடமும் அதனோடு வரும் உரிமை, கடமைகளும் சேர்ந்தது தகுநிலை. அவ்வுரிமை கடமைகளைச் செயலில் நடத்திக் காட்டுவது பங்கு. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்பது அவர் முடிபு. தலைவர் கணவரோ தகுநிலை ஏதுமின்றியே பங்கை முழுமையாக ஆற்றுகிறார்; அவர் மனைவி தகுநிலையை முழுமையாக வைத்துக்கொண்டு பங்கின்றி இருக்கிறார். லிண்டன் நம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் நூலின் அப்பகுதியைத் திருத்தி எழுதியிருக்கக்கூடும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் காசோலையில் வெளிப்படுகிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். சட்டம் கணவரை அடியோடு மறந்துபோன இடங்களுள் இது முதன்மையானது. ஆகவே காலை எட்டு மணிக்கு ஊராட்சிச் செயலர் கோப்புகளோடு வீட்டுக்கு வருகிறார். கணவர் திண்ணையில் அமர்ந்து மோட்டார் பழுது, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையசைக்கிறார். பிறகு கோப்பு அடுப்படிக்குப் போகிறது. தலைவர் மாவுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு, 'இது எதுக்குங்க?' என்று கேட்கிறார். 'எல்லாம் நான் பார்த்துட்டேன், போடு' என்று திண்ணையிலிருந்து விடை வருகிறது. பிற்காலத்தில் தணிக்கைத் தடை எழுந்தால் விளக்கம் அளிக்க வேண்டியவர் அடுப்படியில் இருந்தவரே என்பதைத் திண்ணையில் இருந்தவர் நன்கறிவார்.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் அன்றாட வாழ்க்கையை நாடகமாகக் கொண்டு, பிறர் காண நடக்கும் முன்மேடையையும், நடிப்பவர் வேடம் களைந்து இளைப்பாறும் பின்மேடையையும் வேறுபடுத்தினார். கிராம சபைக் கூட்டம் அத்தகைய முன்மேடை. குடியரசு நாள், உலக நீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 ஆகிய உள்ளாட்சிகள் நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அச்சபையில், தலைவர் நடு நாற்காலியில் பட்டுச் சேலையோடு அமர்ந்திருக்க, பக்கத்து நாற்காலியில் யாதொரு பதவியும் இல்லாதவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு 'தலைவர் சார்பா நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்' என்று தொடங்கி அரை மணி நேரம் சொல்லிக்கொள்வார். தண்ணீர் வரவில்லை என்று ஒரு பெண் எழுந்து தலைவரைப் பார்த்துக் கேட்டாலும், விடை பக்கத்து நாற்காலியிலிருந்தே வரும்.

இவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. அரசு அலுவலகங்கள் தலைவரின் தொலைபேசி எண்ணாகக் குறித்து வைத்திருப்பது பெரும்பாலும் இவருடைய எண்ணையே. ஒப்பந்ததாரர் தேநீர்க் கடையில் தேடுவதும், முதியோர் உதவித்தொகை மனுவோடு வரும் மூதாட்டி வண்டியை மறிப்பதும் இவரையே. ஊரார் இவரைத் 'தலைவரே' என்று விளிக்கும்போது, வாக்குப் பெற்று வென்றவர் தானாகவே தலைவர் வீட்டு அம்மாவாகிவிடுகிறார். பங்கு என்பது ஒருவர் தாமே எடுத்துக்கொள்வதால் மட்டும் நிலைப்பதில்லை. எதிரில் நிற்பவர்கள் அதை நாள்தோறும் ஏற்றுக்கொள்வதாலேயே நிலைக்கிறது.

பிறப்பால் வந்து ஒட்டிக்கொள்ளும் தகுநிலை, முயன்று ஈட்டிய தகுநிலையை விழுங்கிவிடும் இடங்களும் உண்டு. அங்கே நகைப்புக்கு வேலையில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பால், சாதி ஆகிய இரண்டும் பதவிக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும் தலைவர் கணவருக்குப் பகையாக வளர்வது காலமே. இரண்டாம் ஆண்டில் பயிற்சி வகுப்புக்குச் சென்று திரும்பும் மனைவி தீர்மானப் பதிவேட்டைத் தாமே படிக்கத் தொடங்குகிறார். மூன்றாம் ஆண்டில் 'இந்தத் தொகை போன மாசமே போச்சே?' என்று கேட்கிறார். அதன்பின் திண்ணையில் உறக்கம் குறைகிறது. கணவரின் நிழல் படாமல் முதல் நாளிலிருந்தே பணியாற்றிய பெண் தலைவர்களும் பலர் உளர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

2015இல் பிரதமரே இப்பழக்கத்துக்கு முடிவுகட்டச் சொன்னார். 2023இல் ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் இதை ஆராயக் குழு அமைத்தது. தமிழ்நாட்டில் 2019 டிசம்பர் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5ஆம் நாளோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது, மனைவியர் முன்னாள் தலைவர்கள் ஆயினர். கணவர்களுக்கோ முன்னாள் என்று போட்டுக்கொள்ளவும் ஒரு பதவி இல்லாமற்போயிற்று. ஆணையாலும் அபராதத்தாலும் மட்டும் இவ்வகை மறைந்துவிடாது. அடுத்த முறை மனு எழுதுவோர் அதைத் தலைவரின் கையிலேயே கொடுக்கட்டும். கிராம சபையில் கேள்வி கேட்போர் தலைவர் வாய் திறக்கும்வரை அமராமல் நிற்கட்டும். அலுவலர்கள் தலைவரின் எண்ணுக்கே அழைக்கட்டும். ஊர் கேட்பதை நிறுத்தினால் பக்கத்து நாற்காலி பேசுவதை நிறுத்தும்.